வடக்குச் சுவருக்கு வெங்காயக் கலர்

எங்கள் வீட்டுக்கு நாலு சுவர். குடிவந்து இத்தனை வருஷத்தில் மூன்றைத்தான் நான் வெளியிலிருந்து முழுசாகப் பார்த்திருந்தேன். வடக்குப் பக்கத்துச் சுவர் பக்கத்து வீட்டு அக்கா பார்ப்பதற்கென்றே கட்டியது. என் மாமனார் மதுரை கே.கே. நகரில் மனை வாங்கி வீடு எழுப்பியபோது ஒரு சாண் இடம்கூட வீணாகப் போகக் கூடாது என்று எல்லைக்கோட்டின் மேலேயே அந்தச் சுவரை நிறுத்திவிட்டார். உள்ளே அறை விசாலமாகத்தான் கிடைத்தது. ஆனால் அந்தச் சுவரின் வெளிப்பக்கம் ஒரு ஆணி அடிக்க வேண்டுமென்றாலும், அக்கா வீட்டு கேட்டைத் திறந்து, அவர் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் நின்றுதான் அடிக்க முடியும்.

அதனால் யாரும் எதையும் அடிக்கவில்லை. முன்பக்கம் சந்தனத்திலிருந்து பச்சைக்கும் பச்சையிலிருந்து மறுபடி சந்தனத்துக்கும் மாறியது. வடக்குச் சுவர் மட்டும் பூசின சிமெண்ட் நிறத்திலேயே கிடந்தது. கண்ணில் படாத சுவருக்கு எதற்குப் பெயிண்ட் என்பது என் வீட்டுக்காரரின் கொள்கை. அவருடைய கொள்கைகள் எல்லாமே உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்க அவசியமில்லாத கொள்கைகளாக இருக்கும்.

அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் எங்கள் மகளின் அறை. அவள் கல்யாணமாகித் திண்டுக்கல் போன பிறகு கதவைச் சாத்தி வைத்திருந்தோம். போன மழைக்கு வெளிச்சுவர் விரிசல் வழியாகத் தண்ணீர் இறங்கி, உள்ளே ஓதம் ஏறி, பெயிண்ட் பொருக்குப் பொருக்காக உதிர ஆரம்பித்தது. பீரோவை நகர்த்திப் பார்த்தால் பின்னால் கறுப்பாகப் பூஞ்சை. மகள் இல்லாத அறைதானே, பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம்.

இந்த வருஷம் ஆவணியில் அவள் ஏழு மாதக் கர்ப்பத்தோடு ஒரு நாள் எங்களைப் பார்த்துவிட்டுப் போக வந்தாள். கூடவே சம்பந்தியம்மாவும் வந்தார். அறைக்குள் எட்டிப் பார்த்தவர் அடுத்தடுத்துத் தும்மினார். ரொம்ப மரியாதை தெரிந்த மனுஷி. காபியைக் குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்த பிறகுதான் பேச்சை எடுத்தார். மழைக்காலத்தில் பச்சை உடம்புக்காரியையும் குழந்தையையும் ஓதம் அடிக்கிற அறையில் எப்படிப் படுக்க வைப்பது, பேசாமல் பிரசவத்தைத் திண்டுக்கல்லிலேயே வைத்துக்கொள்ளலாமே, ஆஸ்பத்திரியும் நடக்கிற தூரம்தான் என்றார். அவர் சொன்னதில் தப்பே கிடையாது. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

எங்களுக்கு ஒரே மகள். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு வரவில்லையா என்று ஊர் கேட்கும் என்பதெல்லாம் பிறகு. எனக்கு அவள் வேண்டும். அவளுக்கு வெந்நீர் வைத்துக் கொடுக்க வேண்டும், ராத்திரி குழந்தை அழுதால் நான் எழுந்து போக வேண்டும். மாடி அறைக்கு நிறைமாதக்காரியை ஏற்ற முடியாது. எங்கள் அறையில் கட்டிலைச் சுற்றி நடக்கவே ஒருக்களிக்க வேண்டும். வளைகாப்பு ஐப்பசியில். அதற்குள் அறை காய்ந்திருக்கும், நான் பொறுப்பு என்று சம்பந்தியம்மாவிடம் சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரர் மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

கீழக்குயில்குடியிலிருந்து ஒரு பெயிண்டர் வந்தார். முன்பு நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்குப் பெயிண்ட் அடித்தவர் என்பதால் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். கணக்கு டீச்சர் என்று தெரிந்ததால் அளவு சொல்லும்போது மட்டும் கொஞ்சம் உஷாராக இருப்பார். உள்ளே எம்புட்டுப் பட்டி பார்த்தாலும் நிற்காது, வெளியே விரிசலை அடைத்து, பிரைமர் அடித்து, மழை தாங்குகிற பெயிண்ட் இரண்டு கோட்டு ஏற்றினால்தான் ஓதம் நிற்கும், அதற்குப் பக்கத்து வீட்டு இடத்தில் சாரம் கட்ட வேண்டும் என்றார். கட்டிவிடலாமே என்றேன். அந்த வீட்டில் பேசிவிட்டீர்களா என்று கேட்டார்.

சிக்கலே அங்கேதான் இருந்தது. அக்காவும் நானும் பேசி இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

அதற்கு முன்னால் அப்படி இல்லை. அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர், உசிலம்பட்டிப் பக்கம் காடுகரை உள்ள சம்சாரி வீட்டில் பிறந்தவர். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். இரண்டு வீட்டுக் குழம்பும் மதில்மேல் கிண்ணத்தில் போய் வந்துகொண்டிருந்தன. எந்தக் கிண்ணம் யாருடையது என்று இப்போதும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. அவர் வீட்டு முருங்கைமரம் எங்கள் மாடிப் பக்கம் சாய்ந்து நின்றது. காயும் கீரையும் எங்களுக்கும் கிடைத்தன. மழை விழுந்தால் கம்பளிப்பூச்சியும் கிடைத்தது. ஒரு கார்த்திகையில் பூச்சிகள் சுவர் முழுக்க அப்பிக்கொண்டு, ஜன்னல் வழியாக மகளின் படுக்கைக்கே வந்துவிட்டன. அவள் உடம்பெல்லாம் தடித்துப்போய் நின்றதைப் பார்த்து, அக்காவிடம் கேட்டு, அவர் சரி என்று சொன்ன பிறகுதான் ஆள் வைத்து எங்கள் பக்கத்துக் கிளைகளை வெட்டினோம்.

வெட்டி முடித்ததும் மரம் மொட்டையாக நின்றது. அக்கா வாசலில் வந்து அண்ணாந்து பார்த்தார். முகம் ஒரு மாதிரி இருந்தது. சமாதானமாக ஏதாவது சொல்வோமே என்று நான் மாடியிலிருந்து, "முருங்கையை ஒடிச்சுத்தானேக்கா வளக்கணும்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். விருட்டென்று உள்ளே போனார். அதோடு சரி. அடுத்த மாதம் அடித்த காற்றில் மரமும் சாய்ந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் வாயில் நான் தங்கச்சி இல்லை, டீச்சரம்மா. அதுவும் நேரில் இல்லை, மூன்றாம் மனிதரிடம் பேசும்போது மட்டும்தான்.

ஒரு முருங்கைமரத்துக்கு இவ்வளவா என்று எனக்கு ஆத்திரம். கேட்டுவிட்டுத்தானே வெட்டினேன், நான் ஏன் முதலில் போய்ப் பேச வேண்டும் என்று நானும் முறுக்கிக்கொண்டேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்த வருஷம் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கப் போனபோதுகூட என் வீட்டுக்காரரைத்தான் முன்னால் அனுப்பினேன். அவர்கள் வந்தார்கள், சாப்பிட்டார்கள், போனார்கள். என் மகளை அக்கா கட்டிப்பிடித்துக்கொண்டார். என்னிடம் இலையைப் பற்றிக்கூட ஒரு வார்த்தை பேசவில்லை.

சாரம் கட்ட அனுமதி கேட்கவும் வீட்டுக்காரரைத்தான் அனுப்பினேன். போனவர் வெகுநேரம் வரவில்லை. வந்தபோது மீசையில் காபி நுரை இருந்தது. வைகையில் இந்த வருஷம் தண்ணீர் எப்படி, அழகர்கோவில் ரோட்டில் எந்த இடத்தில் பள்ளம் என்று எல்லாம் பேசியிருக்கிறார். சாரத்தைப் பற்றி மட்டும் பேசவில்லை. நல்லா பேசிக்கிட்டிருக்கும்போது எப்படி அதைக் கேட்பது என்று என்னையே திருப்பிக் கேட்டார். கடைக்கு அனுப்பின சின்னப் பிள்ளைகூடச் சொன்னதை வாங்கி வரும், இவர் கையில் ஒரு கேள்வியைக் கொடுத்தனுப்ப முடியவில்லை.

கடைசியில் பெயிண்டரே போனார். திரும்பி வந்து மதிலுக்குப் பக்கத்தில் நின்று, பரீட்சை முடிவு வாசிக்கிறவர் குரலில் சொன்னார். சாரம் போட்டுக்கொள்ளலாம், துவைக்கிற கல்லை நகர்த்தக் கூடாது, துளசிச் செடிமேல் சுண்ணாம்பு விழக் கூடாது. இதெல்லாம் சரி. கடைசியாக ஒன்று: கலர் அந்தம்மா சொல்வதுதான்.

"என் சுவருக்கு அவங்க எப்படிக் கலர் சொல்லுவாங்க?" என்றேன்.

"அதையும் கேட்டேன் டீச்சர். 'செவரு டீச்சரம்மாவுது, அதைப் பாத்துக்கிட்டுச் சோறாக்குறவ நானு'ன்னு சொல்றாங்க."

யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். அவர் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே எங்கள் சுவர்தான் இருக்கிறது. நாங்கள் குடிவந்த நாளிலிருந்து அந்தச் சிமெண்ட் பூச்சைப் பார்த்துக்கொண்டுதான் அவர் தாளித்துக்கொண்டிருக்கிறார். எந்தக் கலராம் என்று கேட்டேன். வெங்காயக் கலர் என்றார் பெயிண்டர்.

எனக்கு மகிழ்ச்சியாகிவிட்டது. வெங்காயக் கலரில் எனக்கு ஒரு பட்டுச்சேலை இருக்கிறது. வெங்காயக் கலர் என்று சொல்லித்தான் கடைக்காரர் விற்றார். மகள் நிச்சயதார்த்தத்துக்குக் கட்டியபோது எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். அக்கா அதை மனதில் வைத்துத்தான் சொல்லியிருக்கிறார், வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் என் சேலை அவருக்குப் பிடித்திருக்கிறது என்றுகூட நினைத்துக்கொண்டேன். சேலையின் ரவிக்கைத் துணியில் மிச்சமிருந்த துண்டைப் பெயிண்டரிடம் கொடுத்து, இதே கலரைக் கலந்து வாங்கி வரச் சொன்னேன். தான் அடிக்காத வெங்காயக் கலரா என்று அவரும் கிளம்பினார்.

புரட்டாசியில் வேலை ஆரம்பித்தது. சவுக்குக் கம்பில் சாரம் எழும்பியது. மேலே ஒரு விரிசலில் அரசங்கன்று ஒன்று முளைத்து நின்றது. அதைப் பிடுங்குவதற்கு முன் பெயிண்டர் கண்ணை மூடி என்னமோ முணுமுணுத்தார். பிறகு கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, விரிசலை எல்லாம் அடைத்து, பிரைமர் அடித்தார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் மகளின் அறைக்குள் போய்ச் சுவரில் கையை வைத்துப் பார்ப்பேன். அந்தப் பக்கம் பிரஷ் போகிற சத்தம் கேட்கும். இந்தப் பக்கம் நான் நிற்பேன். ஒவ்வொரு சாயங்காலமும் அழகர்மலைப் பக்கம் மேகம் கூடிக் கூடிக் கலைந்துகொண்டிருந்தது.

முதல் கோட்டு அடித்தது ஒரு சனிக்கிழமை. மத்தியானம் பெயிண்டர் முகம் சுண்டிப்போய் வந்தார். அந்தம்மா சமையலறை ஜன்னலைச் சாத்திவிட்டார்களாம். நாளைக்குச் சாரத்தைப் பிரித்துவிட்டுப் போகச் சொல்லிவிட்டார்களாம். இரண்டாவது கோட்டு ஏறாமல் இந்தச் சுவர் மழையைத் தாங்காது என்பதையும் அவரே சொன்னார்.

எனக்கு உச்சி மண்டையில் சுர்ரென்றது. அவர் கேட்ட கலரைத்தானே அடித்தேன். என் சேலைத் துண்டையே வெட்டிக் கொடுத்தேனே. இது என்ன அழும்பு? ஒரு காலில் என் செருப்பும் இன்னொரு காலில் வீட்டுக்காரர் செருப்புமாகப் புறப்பட்டேன். என் வீட்டுக்காரர், "நான் வேணா போய்" என்று ஆரம்பித்தார். நான் திரும்பிப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார்.

இரண்டு வருஷத்துக்குப் பிறகு அக்கா வீட்டு கேட்டைத் திறந்தேன். பின்கதவு வழியாக நேரே சமையலறைக்குள் போனேன். அவர் தரையில் உட்கார்ந்து, முறத்தில் குவித்துவைத்து, சாம்பாருக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள், "அந்த ஜன்னலத் தொறந்து பாரு" என்றார்.

திறந்தேன். ஜன்னல் முழுக்க என் பட்டுச்சேலை. வானம் இல்லை, வேறு எதுவுமே இல்லை, ஒரே ரோஸ். மத்தியான வெளிச்சம் அதில் பட்டுத் தெறித்து உள்ளே வர, அக்காவின் சமையலறையே கல்யாண மண்டபம் மாதிரி ஆகிவிட்டது. எவர்சில்வர் பாத்திரம் ரோஸ், மேடை ரோஸ். மூடாமல் வைத்திருந்த தயிர்கூட லேசாக ரோஸ் அடித்தது.

சண்டை போட வந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "நீங்கதானேக்கா வெங்காயக் கலருன்னு சொல்லிவிட்டீங்க" என்றேன்.

"வெங்காயம்னுதானே சொன்னேன். நீ அடிச்சிருக்கிறது பல்லாரி" என்று முறத்திலிருந்து ஒரு கை சருகை அள்ளி என்முன் நீட்டினார்.

அவர் ஊரில் வெங்காயம் என்றால் சின்ன வெங்காயம்தான். பெரியது வெங்காயமே இல்லை, அதற்குப் பல்லாரி என்று பெயர். அவர் கையிலிருந்த சருகு காய்ந்த செம்பு நிறத்தில் இருந்தது. வெங்காயம் போடுகிற வீட்டில் பிறந்தவருக்கு நான் பட்டுச்சேலையைப் பூசிக்கொடுத்திருக்கிறேன். அவர் என்னைப் பார்த்தார், நான் சுவரைப் பார்த்தேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டோம். அவருக்குப் புரையேறி நான் தண்ணீர் எடுத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. தண்ணீர்ச் செம்பு பழைய இடத்திலேயேதான் இருந்தது.

சிரித்து ஓய்ந்ததும் எனக்கு மறுபடியும் ஆத்திரம் வந்தது. இப்படிச் சிரிக்கத் தெரிந்தவர்தானே.

"ஒரு மரத்துக்காகவாக்கா ரெண்டு வருஷம் என்கூடப் பேசாம இருந்தீங்க?"

அவர் உரிப்பதை நிறுத்தினார். "மரத்துக்கா? மரத்த நாந்தானே வெட்டச் சொன்னேன்."

பிறகு மெதுவாகச் சொன்னார். கிளையை வெட்டின அன்றைக்குக் காலையில்தான் அவர் மகன் இன்ஜினீயரிங் காலேஜை நடுவில் விட்டுவிட்டுப் பெட்டியோடு வந்து இறங்கியிருக்கிறான். இனி படிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான். அவன் அப்பா, நீ செல்லம் கொடுத்துத்தான் கெட்டான் என்று இவர்மேல் பாய்ந்திருக்கிறார். அழுத முகத்தோடு வாசலுக்கு வந்து நின்றபோதுதான் மாடியிலிருந்து என் குரல்.

"முருங்கையை ஒடிச்சுத்தான் வளக்கணும்ங்குற. மிச்சத்தை நீ எனக்குச் சொல்லித் தரணுமா?"

முருங்கையை ஒடித்து வளர்க்கணும், பிள்ளையை அடித்து வளர்க்கணும். பழமொழி அவ்வளவுதான். சின்ன வயதிலிருந்து கேட்டது.

"நான் மிச்சத்தைச் சொல்லவே இல்லையேக்கா."

"நீ சொல்லல. எனக்குக் கேட்டுச்சு."

அவன் வந்ததே எனக்கு அன்றைக்குத் தெரியாது. இந்தக் கையால் ஒரு பிள்ளையைக்கூட நான் அடித்ததில்லை, பள்ளிக்கூடத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள் என்றேன். ஆறுதல் சொல்ல வேண்டிய நேரத்தில் என் வாய் சத்தம்தான் போட்டது. மனசில் இப்படி ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டு வருஷம் எப்படி இருந்தீர்கள், ஒரு நாள், ஒரே ஒரு நாள் மதில் பக்கம் வந்து, அப்படியா சொன்னாய் என்று கேட்டிருக்கக் கூடாதா என்று கத்தினேன்.

"கேட்டு, நீ ஆமான்னு சொல்லிட்டா?" என்றார் அக்கா.

அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து நானும் உரிக்க ஆரம்பித்தேன். வெங்காயம் உரிக்கிற இடத்தில் யார் எதற்குக் கண்ணைத் துடைக்கிறார்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள், அந்த ஒரு சௌகரியம் உண்டு. அந்தப் பையன் இப்போது கல்யாண வீடுகளுக்கு வீடியோ எடுக்கிறான், முகூர்த்த மாதத்தில் வீட்டுக்கே வருவதில்லை என்று அக்கா சொன்னார். அவர் குறைபட்டுக்கொண்ட விதத்திலேயே பெருமை தெரிந்தது. போகும்போது ஒரு கவரில் வெங்காயச் சருகைப் போட்டுக் கொடுத்தார்.

பெயிண்டர் சருகை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, ரவிக்கைத் துணி, இப்ப வெங்காயத் தோலு, அடுத்து என்ன தருவீங்க டீச்சர் என்று கேட்டார். கடையில் மூன்று முறை கலந்து பார்த்துத்தான் அந்தச் செம்பு நிறம் வந்ததாம். பட்டுச்சேலைக்கு மேலேயே இரண்டு கோட்டு ஏற்றினார்கள். அக்கா ஜன்னலில் நின்றபடி, அங்கிட்டு விட்டுப்போச்சு, இங்கிட்டு விட்டுப்போச்சு என்று வேலை வாங்கினார். எனக்கு அந்தக் கலர் பிடிக்கவில்லை. இன்றைக்கும் பிடிக்கவில்லை. ஆனால் அதைப் பார்த்துக்கொண்டு சமைக்கப் போவது நான் இல்லையே.

சாரத்தைப் பிரித்த வாரத்திலேயே மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசி மழை, வடக்கேயிருந்து சாய்ந்து சாய்ந்து அடித்தது. நான் மகளின் அறையில் விளக்கைப் போட்டுக்கொண்டு சுவரின் மூலை முடுக்கெல்லாம் கை வைத்துப் பார்த்தேன். மறுநாளும் பார்த்தேன். காய்ந்து கிடந்தது. பிறகுதான் உள்ளே பட்டி பார்த்து வெள்ளை அடித்தோம்.

வளைகாப்புக்குத் திண்டுக்கல் புறப்பட வேன் பேசினோம். அக்காவைக் கூப்பிட்டேன். சீர்த்தட்டு தூக்க ஆள் பத்தலையாக்கும் என்று கேட்டுக்கொண்டே, எனக்கு முன்னால் தலைநிறையப் பூவோடு வந்து ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டார்.

வளையல் அடுக்கி, நலங்கு வைத்து, கலந்த சாதமெல்லாம் பரிமாறி முடிந்து, மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்புகிற நேரம். வெளியே மழை சோவென்று கொட்டிக்கொண்டிருந்தது. சம்பந்தியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, தப்பா நினைக்காதீங்க, இந்த மழையில் அந்த ரூம் எப்படி இருக்கும்னுதான் மனசு அடிச்சுக்குது, இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகலை, இங்கேயே இருக்கட்டுமே என்றார். சுற்றி நின்ற பெண்கள் எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். மகளும் பார்த்தாள்.

அதற்குள் பின்னாலிருந்து அக்கா முன்னால் வந்தார்.

"எந்தச் செவத்த கேக்குறீக? அது எங்க செவராக்கும். தெனமும் அடுப்படியில நின்னு நாந்தான் பாக்குறேன், எனக்குத் தெரியாம அதுல ஒரு சொட்டு எறங்கிருமா? பிள்ளைய அனுப்பி வைங்க, நாங்க ரெண்டு பேரு இருக்கோம்."

சம்பந்தியம்மா என்னைப் பார்த்தார். இதுவரை அதை எங்கள் வீட்டுச் சுவர் என்றுதான் அவரிடம் சொல்லியிருந்தேன். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவர் மகளின் நெற்றியில் திருநீறு பூசி, குடையைப் பிரித்துத் தானே வேன் வரைக்கும் கொண்டுவந்து விட்டார். மதுரை வருகிற வரைக்கும் மகள் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து, அக்கா தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டு வந்தாள்.